மட்டக்களப்பு, அம்பாறையில் பெர்மாகல்ச்சர் செய்கிறவர்களை எங்கே பிடிப்பது?

4 ஓகஸ்ட் 2024 — களுவாஞ்சிகுடி வாசகர்

அரை ஏக்கர் மணல் காணி, கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு. பெர்மாகல்ச்சர் முறைக்கு (மரம், பயிர், தண்ணீர், குப்பை எல்லாம் ஒன்றுக்கொன்று உதவுகிற மாதிரி அமைக்கிற தோட்ட முறை) மாற்றிக்கொண்டு வருகிறேன். தேடிப் பார்த்தால் இலங்கையில் இதைச் செய்கிறவர்கள் எல்லாரும் கண்டிப் பக்கமும் தெற்குக் கரையிலும்தான், அதிலும் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர். மட்டக்களப்பு, அம்பாறையில் ஒருவருமே இல்லை என்பதுதான் என் முடிவு. இருந்தால் சொல்லுங்கள்.

5 ஓகஸ்ட்

இருக்கிறார்கள். அந்தப் பெயர் தெரியாமல் இருக்கிறார்கள், அதனால் தேடலில் அகப்படமாட்டார்கள். படுவான்கரையில் (வாவிக்கு மேற்குப் பக்கம்) போய் "பெர்மாகல்ச்சர்" என்று விசாரித்தால் "அது எந்தக் கொம்பனிட மருந்து?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

தெருவில் போகும்போதே ஆளைக் கண்டுபிடிக்கலாம். வேலிக் கிளிசரியா நெஞ்சுயரத்தில் ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருக்கும், வெட்டிய குழை மரத்தடியில் கிடக்கும். வளவுக்குள் குப்பை எரித்த கரி வட்டம் இருக்காது. கிணற்றடித் தண்ணீர் வாழைக்கோ வல்லாரைக்கோ போகும். தென்னைக்குக் கீழே நிலம் வெறுமையாகக் கிடக்காது, அன்னாசியோ இராசவள்ளியோ ஏதாவது இருக்கும். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதத்திலும் வளவு பச்சையாக இருந்தால், படலையைத் தட்டிப் பேசலாம்.

அடுத்தது, இவர்களைத் தெரிந்த ஆட்கள். எருவுக்குப் பட்டிக்காரரிடம் வருகிறவர் யார், உரிமட்டை (தேங்காய் மட்டை) கேட்டு வருகிறவர் யார், நாற்றுமேடைக்காரரிடம் கன்று வாங்காமல் விதை மட்டும் கேட்கிறவர் யார் என்று விசாரியுங்கள். வயல் பக்கம் என்றால் வட்டவிதானைக்கு (வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர்) ஒவ்வொரு கண்டமும் யார் கையில் என்று தெரியும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தாலே பாதி விலாசம் கிடைக்கும்.

"நீங்கள் இயற்கை விவசாயமா?" என்று கேட்க வேண்டாம். 2021இல் ரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு இங்கே நல்ல பெயர் இல்லை. விளைச்சல் விழுந்தவர்களுக்கு அது அரசாங்கம் போட்ட தண்டனையின் பெயர். இப்படிக் கேளுங்கள்: கடையில் வாங்காமல் வருசா வருசம் எந்த விதையை வைத்திருக்கிறீர்கள்? சருகை என்ன செய்கிறீர்கள்? ஆவணி மாதத்தில் எதற்குத் தண்ணீர் ஊற்றாமல் விடுகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு நீளமான பதில் வந்தால் அவர்தான் நீங்கள் தேடுகிற ஆள்.

5 ஓகஸ்ட், இரவு — நிந்தவூர்

வட்டவிதானைக்கு நெல் தெரியும், வீட்டுத்தோட்டம் தெரியாது. எங்கட பக்கம் வளவு பார்க்கிறது பெண்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கேளுங்கோ. ஆம்பிளைகளிட்டக் கேட்டா "ஒண்டுமில்ல, ரெண்டு கத்தரி நிக்கி" என்பாங்க. உள்ளுக்குப் போய்ப் பார்த்தா பத்து வகைக் கீரை நிக்கும்.

6 ஓகஸ்ட்

நிந்தவூர் நானா சொல்வது சரி, மேலே எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடமும் வீட்டுத்தோட்டப் பெயர்ப்பட்டியல் இருக்கும். ஆனால் அது விதைப் பொதி வாங்கியவர்களின் பட்டியல், இன்றைக்கும் தோட்டம் செய்கிறவர்களின் பட்டியல் அல்ல. நோய், பூச்சி பற்றிய கேள்விக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது. மண் விசயம் என்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. இரண்டுமே ஆட்களைச் சேர்த்துத் தராது.

11 ஓகஸ்ட்

ஆட்களைக் கண்டுபிடித்த பிறகு என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சங்கம் தொடங்காதீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், உபதலைவர், கணக்காய்வாளர் என்று ஐந்து பேர் போனால் மண்வெட்டி பிடிக்க ஆள் மிஞ்சாது.

இங்கே எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு சீட்டு. அதைக் காசுக்குப் பதில் வேலையில் பிடியுங்கள். ஆறு வீடு. மாதம் ஒரு வளவு, குலுக்கல் முறையில். காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு வெயில் விடாது. வளவுக்காரர் ஒரே ஒரு வேலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும், சாமான் எல்லாம் அங்கே வந்து கிடக்க வேண்டும். சாமான் வராவிட்டால் அந்த மாதம் அவருடைய முறை கடைசிக்குப் போகும். இந்த விதியைத் தளர்த்தினால் எல்லாரும் தென்னைக்குக் கீழே கதிரை போட்டுக் கதைத்துவிட்டுப் போவார்கள்.

சோறு போடக்கூடாது. தேநீரும் அவித்த மரவள்ளியும் போதும். ஒரு வீட்டில் இறைச்சிக் கறி வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் அதைவிட மேலாக வைக்கப் பார்ப்பார், இல்லாத வீடு சத்தமில்லாமல் விலகிவிடும். இப்படிப்பட்ட கூட்டங்கள் சண்டையில் உடைவது குறைவு, சாப்பாட்டுச் செலவில் உடைவதுதான் அதிகம்.

முதல் வேலைக்கு எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம்) மணலில் மிகப் பொருத்தம் உரிமட்டைக் குழி. தென்னை அடியிலிருந்து 2 மீற்றர் தள்ளி, 3 மீற்றர் நீளம், 60 சதமமீற்றர் அகலம், அதேயளவு ஆழம். மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே மண் தூவி, எரு இருந்தால் அதையும் போட்டு மூட வேண்டும். குப்புற வைத்தால் தண்ணீர் வழிந்து போய்விடும். ஆறு பேர் மூன்று மணித்தியாலத்தில் இரண்டு குழி முடிக்கலாம். மழைக்கு முன் போட்டால்தான் மட்டை ஊறி, பங்குனி தொடங்கிக் கொடுக்கும். மழைக்குப் பிறகு தோண்டினால் கரையோரத்தில் நிலத்தடி நீர் குழிக்குள்ளேயே வந்து நிற்கும்.

நாள்: போயா (பூரணை). மாதம் ஒன்று, விடுமுறை, யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

12 ஓகஸ்ட் — கொக்கட்டிச்சோலை

போயா சரி, ஆனா வைகாசிப் பூரணைக்கு வைக்காதேங்க. கண்ணகி அம்மன் சடங்கு, குளிர்த்தி. வேல செய்ய ஒருத்தரும் வரமாட்டாங்க.

12 ஓகஸ்ட்

ஓம், அந்த மாதம் விட்டுவிட வேண்டியதுதான். வேறும் இருக்கிறது. போயா வெள்ளியில் விழுந்தால் 10 மணிக்குக் கட்டாயம் முடிக்க வேண்டும், ஜும்மாவுக்குப் போகிறவர்கள் குளித்து உடுத்த நேரம் வேண்டும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை, வயல்காரர் யாரும் வரமாட்டார். அந்த இரண்டு மாதமும் வேலை வைக்காமல், பின்னேரம் ஒரு தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்தலாம்.

மறுகரையில் இருந்து வருகிறவர்களையும் யோசியுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஆரையம்பதியும் கொக்கட்டிச்சோலையும் கிட்டவாகிவிட்டன. அம்பிளாந்துறையில் இருந்து குருக்கள்மடத்துக்குப் பாதையில் (வாவி கடக்கிற மிதவை) வருகிறவருக்கு இன்னும் பாதையின் நேரம்தான் நேரம். 7 மணி என்றால் அவர் 7.30க்கு வருவார், அதைக் குறையாக எடுக்காதீர்கள்.

1 செப்டெம்பர்

விதை மாற்றுவது பற்றி. இதுதான் ஆட்களை ஒட்டவைக்கிற பசை, இதில்தான் மனக்கசப்பும் வரும். ஒருவர் கொடுத்த விதை முளைக்காவிட்டால் அடுத்த முறை அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். எனவே முளைதிறன் பார்க்காத விதை மேசைக்கு வரக்கூடாது.

25 விதை எண்ணி, ஈரப் பருத்தித் துணியில் சுற்றி, துளையிட்ட பொலித்தீன் பையில் போட்டு நிழலில் வையுங்கள். துணி பிழிந்தால் சொட்டக்கூடாது, சொட்டினால் விதை அழுகும். பயற்றை, வெண்டி ஐந்து நாளில் தெரியும். கத்தரி, மிளகாய்க்கு இரண்டு கிழமை பொறுக்க வேண்டும். பாகலும் புடோலும் தோல் தடிப்பு, ஓர் இரவு ஊறவைத்துவிட்டுச் சுற்றுங்கள். முளைத்த எண்ணிக்கையை 4ஆல் பெருக்கினால் வீதம். 60க்குக் கீழே என்றால் வீட்டுத் தேவைக்கு நெருக்கி விதையுங்கள், மற்றவருக்குக் கொடுக்க வேண்டாம்.

முளைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் காய வைத்த விதம். ஆவணி வெயிலில் சீமெந்துத் தரையில் பரப்பினால் தரைச் சூட்டிலேயே முளை செத்துவிடும். கத்தரி, தக்காளி, மிளகாய் விதையைக் கடதாசியில், காற்றோட்டமான நிழலில். பயற்றை, அவரையை நெற்றோடு காலை வெயிலில் மட்டும். பல்லால் கடித்தால் அமுங்காமல் உடைய வேண்டும்.

காய்ந்ததோடு முடியவில்லை. ஐப்பசிக்குப் பிறகு மட்டக்களப்புக் காற்றில் ஈரம் ஏறிவிடும், தகரப் பேணியில் வைத்த விதை பூஞ்சணம் பிடிக்கும். அரிசியை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே கண்ணாடிப் போத்தல் அடியில் போட்டு மூடுங்கள். முழுக்க ஆறியதும் துணி வைத்து, மேலே விதைப் பொட்டலம். விதை எவ்வளவோ அரிசியும் அவ்வளவு. இரண்டு கிழமையில் அரிசியை மாற்றுங்கள். சாம்பலும் நல்லது, அது வண்டுக்கு. ஈரத்துக்கு வறுத்த அரிசிதான்.

உறையில் எழுத வேண்டியது: பயிர், ஊர், மண் (மணலா, செம்மண்ணா, களியா), பறித்த மாதம், முளைத்த வீதம். "கொம்பனிப் பைக்கற்றில் இருந்து வந்ததா" என்பதையும் எழுதுங்கள். எஃப்1 கலப்பின விதையை மறுபடி எடுத்தால் தாய் மாதிரி வராது.

மாற்றிக்கொள்வது வேறு, விற்பது வேறு. விதை வியாபாரத்துக்கு 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். மேசையில் விலைச்சீட்டு வைக்காதீர்கள்.

2 செப்டெம்பர் — திருக்கோவில்

எங்கட பூசணி விதையக் கொண்டு போனா, பக்கத்தில சுரை நிண்டிருந்தா கலந்திரும் எண்டு அம்மா சொல்றா. உண்மையா?

2 செப்டெம்பர்

இல்லை தங்கச்சி. பூசணியும் சுரையும் ஒன்றோடொன்று சேராது, வேறு வேறு இனம். பூசணிக்குப் பக்கத்து வளவுப் பூசணிதான் எதிரி, தேனீ அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் மகரந்தம் கொண்டுவரும். தூரம் விட்டுத் தப்ப முடியாது, கையால் செய்ய வேண்டும். நாளைக்கு விரியப்போகிற பெண் பூவையும் (அடியில் குட்டிக் காய் இருக்கும்) இரண்டு ஆண் பூவையும் பின்னேரமே நூலால் வாயைக் கட்டுங்கள். விடிய 6 முதல் 8 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி கட்டிவிடுங்கள். காம்பில் ஒரு நிறத்துணி. அந்தக் காயை மட்டும் விதைக்கு விட வேண்டும். 9 மணிக்குப் பிறகு செய்தால் பிடிக்காது.

பயற்றை தன்னிலேயே சேரும், சில மீற்றர் போதும். மிளகாய் நன்றாகக் கலக்கும், ஒரு கொப்பை மெல்லிய துணிப்பையால் மூடிவிடுங்கள். சோளத்தைச் சின்ன வளவில் விதைக்கு விடாதீர்கள், காற்றில் கலக்கும், குறைந்த செடியில் எடுத்தால் இரண்டு மூன்று தலைமுறையில் நலிந்துவிடும். சோளம் வேண்டுமானால் குழுவில் ஒருவர் பெரிதாகப் போட்டு எல்லாருக்கும் கொடுக்கட்டும்.

அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சுரைக்காய் கசந்தால் கறி வைக்க வேண்டாம், விதையும் எடுக்க வேண்டாம். அந்தக் கசப்பு நஞ்சு.

20 செப்டெம்பர்

விதை பரவாயில்லை. கன்று, குட்டி, கொடி மாற்றும்போதுதான் ஒரு வளவின் நோய் ஆறு வளவுக்கும் போகும். நட்பு வேறு, இது வேறு.

வாழைக்குட்டி: குருத்து இலைகள் குறுகிக் கொத்தாக நிமிர்ந்து நிற்கிற வைரசு நோய்க்கு மருந்து இல்லை. குட்டியில் அடையாளம் தெரியாமலே இருக்கும். குலை போட்ட, நலமான தாயின் ஈட்டி இலைக் குட்டியை மட்டும் எடுங்கள். இலைக் காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரிந்தால் அந்தப் புதரையே தொடாதீர்கள். கிழங்கின் வேரையும் மேல்தோலையும் வெள்ளை தெரியச் சீவி, வெட்டிய தோலை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கூன்வண்டின் முட்டையும் வட்டப்புழுவும் அதில்தான்.

வற்றாளை (சர்க்கரைவள்ளி): கொடியின் நுனி 30 சதமமீற்றர் மட்டும். அடிக்கொடியில் கூன்வண்டு முட்டை இட்டிருக்கும்.

மரவள்ளி: இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருண்ட செடியில் தடி வெட்டக்கூடாது, தடி எவ்வளவு கொழுத்திருந்தாலும்.

மண்ணோடு வருகிற பூக்கன்றுப் பை: கோரைக் கிழங்கும் ஆபிரிக்க நத்தை முட்டையும் இலவசம். மண்ணைக் கழுவி வேரை மட்டும் கொண்டுபோங்கள்.

தெற்கில் இருந்து யாராவது தென்னங்கன்று கொண்டுவந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். வெலிகம ஓலை வாடல் நோய் காரணமாக அங்கிருந்து தென்னை இனக் கன்று வெளியே எடுக்கத் தடை இருக்கிறது.

9 ஒக்டோபர்

எரு பங்கு போடுவது பற்றிக் கேட்டவருக்கு. தனியாளுக்கு லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) கூலி எருவின் விலையைவிடக் கூடும். மூன்று வளவு ஒரே தெருவில் இருந்தால் ஒரு இழுவைப் பெட்டி எரு எடுத்துப் பிரிக்கலாம். மழை தொடங்குமுன் எடுங்கள், நனைந்த எருவில் பாதி தண்ணீருக்குத்தான் காசு.

எருவையும் வைக்கோலையும் அப்படியே பாத்தியில் போட வேண்டாம். வயலுக்கு அடித்த களைநாசினி அதில் தங்கியிருக்கலாம். இரண்டு சட்டி எடுங்கள். ஒன்றில் உங்கள் மண் மட்டும், மற்றதில் பாதி மண் பாதி எரு. இரண்டிலும் ஐந்து பயற்றை விதை. இரண்டு கிழமையில் எருச் சட்டியில் மட்டும் புது இலை கிண்ணம் மாதிரிக் குவிந்தோ நாராகவோ வந்தால் அந்த எரு தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும், மரக்கறிக்கு வேண்டாம். ஆறு வீட்டுக்கும் ஒரு பரிசோதனை போதும், பெட்டி ஒன்று என்றால்.

ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரை) கூட்டெருவுக்கு எடுப்பது நல்ல யோசனைதான். இரண்டு நாள் கரையில் வாட விட்டு ஏற்றுங்கள், பச்சையாக ஏற்றினால் தண்ணீரைத்தான் சுமக்கிறீர்கள். ரவுண் வடிகான் விழுகிற இடத்தில் எடுக்காதீர்கள், உலோகக் கழிவை அது உறிஞ்சி வைத்திருக்கும். பூவோடும் வேரோடும் ஒரு துண்டும் வேறு குளத்தடியில் விழக்கூடாது.

9 ஒக்டோபர், பிறகு

ஒன்று விட்டுப்போனது. மாரியில் கூட்டெருக் குவியலுக்குக் கிடுகு கட்டாயம். மணல் காணியில் திறந்து விட்டால் தை மாதம் சக்கைதான் மிஞ்சும், சத்து எல்லாம் கிணற்றுப் பக்கம் போயிருக்கும். கிளிசரியாத் தடி நடுவதும் இந்த மாதம்தான்: 1 முதல் 1½ மீற்றர், கைப்பெருவிரல் இரண்டு சேர்ந்த தடிப்பு, அடியைச் சரிவாக வெட்டி அரை மீற்றர் இடைவெளி.

2 டிசெம்பர்

கடந்த கிழமை வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி, அதனால் சுருக்கமாக. நின்ற தண்ணீரில் மூழ்கிய பப்பாசி இரண்டு நாள் தாண்டினால் பிழைக்காது, காயைப் பறித்துவிடுங்கள். மரவள்ளியை உடனே கிண்டுங்கள், கிழங்கு அழுகத் தொடங்கும். மலசலகூடக் குழி நிரம்பி வழிந்த வளவில் நின்ற கீரையை உண்ண வேண்டாம். ஈரப் பாத்தியில் கால் வைக்காமல் வாய்க்காலை மட்டும் வெட்டிவிடுங்கள், மிதித்தால் களிமண் சீமெந்தாகிவிடும். மண் கையில் உதிரும் பதம் வந்ததும் முதலில் கீரை, 25–30 நாளில் கறிக்கு ஆகும்.

நாற்றுமேடையும் விதைப் போத்தலும் போனவர்களுக்கு மற்றவர்கள் கொடுக்கிறார்கள், நல்லது. இதையே ஏற்பாடாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதையும் மூன்று இடத்தில்: ஒன்று எழுவான்கரை, ஒன்று படுவான்கரை மேட்டுநிலம், ஒன்று அம்பாறைப் பக்கம். வாவி ஏறினால் ஒரு கரையும், குளம் திறந்தால் மறுகரையும் போகும், மூன்றும் ஒன்றாகப் போவது அரிது. 1978 நவம்பர் சூறாவளி மாதிரி வந்தால் அதற்கும் பதில் இல்லைதான்.

3 டிசெம்பர் — நிந்தவூர்

எங்கிட்ட பயற்றையும் நாட்டு வெண்டியும் இருக்கு, பத்து வீட்டுக்குக் காணும். தண்ணி வடிஞ்சதும் கல்முனை பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க.

19 ஜனவரி 2025

"நஞ்சில்லாதது" என்று பலகை போட்டு விற்கலாமா என்ற கேள்வி. ஏற்றுமதிக்கோ பெரிய கடைக்கோ என்றால் எஸ்எல்எஸ் 1324 என்ற இலங்கை இயற்கை விவசாயத் தரநிலை, சான்றிதழ், செலவு. சந்தைக்கும் அயலுக்கும் விற்க அது தேவையில்லை, ஒருவரையொருவர் பார்த்து உறுதி சொல்கிற முறை போதும். வேலைச் சீட்டு ஏற்கெனவே மாதம் ஒரு வளவுக்குள் எல்லாரையும் கொண்டுபோகிறது. அதோடு ஒரு கொப்பிப் பக்கம்: என்ன போட்டார், எங்கிருந்து, அயலவர் மருந்தடிக்கிற பக்கம் எவ்வளவு தூரம், வயல் வடிச்சல் நீர் உள்ளே வருகிறதா. வருகிறதென்றால் அந்த ஓரத்துப் பாத்தி விளைச்சலை அந்தப் பெயரில் விற்கக்கூடாது. ஆறு பேரும் கையெழுத்து. ஒருவர் பொய் சொன்னால் ஆறு பேரின் பெயரும் கெடும் என்பதுதான் இதன் பலம். சொந்தக்காரர்கள் மட்டும் சேர்ந்த குழுவில் இது நடக்காது, மாமனார் வளவில் பீடைநாசினிப் போத்தலைக் கண்டாலும் மருமகன் எழுதமாட்டார்.

20 ஜனவரி — களுவாஞ்சிகுடி வாசகர்

வட்ஸ்அப் குழு தொடங்கினோம். இப்ப 140 பேர். காலை வணக்கமும் சாமிப் படமும்தான் வருது.

20 ஜனவரி

ஒகஸ்டில் ஒருவருமே இல்லை என்றவர்! 140 பேர் பார்வையாளர், அவர்களை அங்கேயே விடுங்கள். வேலை செய்கிற ஆறு வீட்டுக்குத் தனிக் குழு. நோய்ப் படம் போடுகிறவர் மூன்று படம் போட வேண்டும்: முழுச் செடி, இலையின் அடிப்பக்கம், தண்டு மண்ணைத் தொடுகிற இடம். மேல்பக்க இலை ஒன்றைப் போட்டு "இது என்ன?" என்றால் பதில் சொல்லக்கூடாது. வெள்ளை ஈயும் சிற்றுண்ணியும் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும்.

வீடு ஏழு, எட்டு என்று கூடினால் இரண்டாகப் பிரியுங்கள். எட்டு வீட்டுச் சீட்டில் தன் முறை வர எட்டு மாதம், மழைக்காலத்து வேலைக்கு ஆள் வெயில் காலத்தில் வந்து சேரும்.

23 பெப்ரவரி

அம்பாறை மாவட்டத்து மத்தியமுகாம் ஊர்ப் பக்கமிருந்து இரண்டு சிங்களக் குடும்பம் விதை மாற்ற வர விரும்புவதாக எழுதியிருக்கிறார்கள். உறையில் பயிர்ப் பெயரை இரண்டு மொழியிலும் எழுதுங்கள், அதோடு ஒரு காயின் படம். ஒரே பெயரில் வேறு பயிரும், வேறு பெயரில் ஒரே பயிரும் வரும், படம் இருந்தால் தகராறு இல்லை.

மார்ச் 13 போயா நோன்புக்குள் வருகிறது. காலை 6.30க்குத் தொடங்கி 8.30க்கு முடியுங்கள், மண் வெட்டுகிற வேலை வேண்டாம், தேநீரும் வேண்டாம். விதை மேசை மட்டும். சிறுபோகத்துக்கு முன் கடைசித் தவணை என்பதால் வெயில் தாங்கும் சாமான் கொண்டுவாருங்கள்: பயற்றை, கௌபி, வெண்டி, கொத்தவரை, எள்ளு, வற்றாளை நுனி. வற்றாளைக் கொடியை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் கொண்டுவர வேண்டும், மோட்டார் சைக்கிளில் வெயிலுக்குக் கட்டி வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.